மேல ஆள் இருக்கு, ஸ்டார்ட் போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சின்னக் கம்பெனிகள் எல்லாம் வெளிநாட்டு ஆப்களை விட்டுவிட்டு நம் நாட்டு ஆப்புக்கு மாற வேண்டும் என்று நம் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல எண்ணம்தான், குறை சொல்ல வரவில்லை. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் உட்கார்ந்துகொண்டு ஸோஹோ கம்பெனிக்காரர்கள் உலகத்துக்கே சாப்ட்வேர் விற்கிறார்கள் என்பதில் எனக்கும் பெருமை உண்டு, 2021-இல் அவர்கள் 'அரட்டை' என்ற ஆப்பைக் கொண்டுவந்தபோதே இறக்கிப் பார்த்தவன் நான். ஆனால் எங்கள் ஆபீசில் நாங்கள் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு. வேலை நேரத்தில் நாங்கள் பேசுவதும் எழுதுவதும் யாருடைய கம்ப்யூட்டரில் கிடக்கிறது? அது சென்னையில் கிடக்கிறதா அமெரிக்காவில் கிடக்கிறதா என்பது அப்புறம். எங்கள் அலமாரியிலேயே கிடக்க வழி உண்டா? இதைத் தேடி இரண்டு வருஷம் அலைந்த கதையைத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வள்ளியூரில் இருந்துகொண்டு பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம், கொஞ்சம் கயத்தாறு பக்கமும் காற்றாலைகளைப் பராமரிக்கிற ஒரு சின்ன நிறுவனம். மொத்தம் 40 பேர் சொச்சம். நான் ஸ்டோர் கணக்கு எழுத வந்தவன். ஒரு தடவை பிரிண்டரில் சிக்கிய பேப்பரை எடுத்துவிட்டேன், அன்றையிலிருந்து கம்ப்யூட்டர் என்றாலே என் தலையில்தான்.

2023 ஆடி மாதம். காற்று சீசன் உச்சத்தில் இருக்கும்போது எந்தக் காற்றாலை ஓனரும் மெஷினை நிறுத்த ஒத்துக்கொள்ள மாட்டார், நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் அவருக்குக் காசு. ராதாபுரம் பக்கம் 14-ஆம் நம்பர் மெஷினில் ஆயில் கசிவு என்று இரண்டு பேர் மேலே ஏறினார்கள். ஏறுவதற்கு முன்னால் சைட் இன்சார்ஜ், வழக்கம்போல வாட்ஸ்அப் குரூப்பில், "பதினாலுல மேல ஆள் இருக்கு, ஸ்டார்ட் போடாதீங்க" என்று போட்டார். அன்றைக்குப் பார்த்து முதலாளி அண்ணாச்சிக்குப் பிறந்தநாள். அந்த ஒரு வரிக்கு மேல் கேக்கும் மாலையும் கைகூப்புகிற பொம்மைகளும் அறுபதுக்குக் குறையாமல் வந்து விழுந்தன. ஷிப்ட் மாறி கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்த பையன் வாழ்த்தை மட்டும் பார்த்தான். காற்று நன்றாக இருக்கிறதே, மெஷின் ஏன் நிற்கிறது என்று ரிமோட்டில் ஸ்டார்ட் கொடுத்துவிட்டான்.

ஒன்றும் ஆகவில்லை. ஏறினவர்கள் அடியிலேயே முறைப்படி சாவி போட்டுப் பூட்டியிருந்ததால் மெஷின் அசையவில்லை. எங்கள் தொழிலில் பூட்டைத்தான் நம்ப வேண்டும், போனை அல்ல, எல்.சி. (லைன் கிளியர், மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்ற அனுமதி) வாங்கி வேலை செய்கிற எந்த மின்வாரிய ஊழியரைக் கேட்டாலும் சொல்லுவார். ஆனாலும் கீழே இறங்கி வந்து விஷயம் தெரிந்த பிறகு அந்த இரண்டு பேரும் வெகுநேரம் பேசவே இல்லை. பையனைத் திட்டி என்ன பயன், அந்த வரி எங்கே இருந்தது என்று தேட எனக்கே நேரம் பிடித்தது.

அதோடு இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. எங்களை விட்டுப் போய் வேறு கம்பெனியில் சேர்ந்த ஒருவர் நாலு மாதமாக அந்தக் குரூப்பிலேயே இருந்தார், எந்த ஓனரின் மெஷின் எத்தனை நாள் நின்றது என்பதெல்லாம் அவருக்கும் தினமும் போய்க்கொண்டிருந்தது. அதற்கு முந்தின வருஷம் இன்னொருவர் வேலையை விட்டபோது, ஆறு வருஷமாக அவர் எடுத்த பிளேடு விரிசல் போட்டோக்கள் எல்லாம் அவருடைய சொந்தப் போனோடு போய்விட்டன. அவரைத் தப்பு சொல்ல முடியாது, போன் அவருடையது.

சரி, சொந்தமாகவே வைப்போம் என்று முடிவானது. இளவட்டங்கள் உடனே டிஸ்கார்ட் என்றார்கள். "அதுல நமக்குன்னு ஒரு சர்வர் போட்டுக்கலாம் அண்ணே." சர்வர் என்றால் எல்லாருடைய பேச்சும் எழுத்தும் வந்து போகிற கம்ப்யூட்டர். டிஸ்கார்டில் நீங்கள் தொடங்குகிற குழுவுக்குச் சும்மா 'சர்வர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான், கம்ப்யூட்டர் அவர்களுடையது. லாட்ஜ் ரூம் கதவில் நம் பெயரை ஒட்டிக்கொள்வது போல. இதை நான் விளக்கி முடிப்பதற்குள் பாதிப் பேர் ஏற்கெனவே அதில் கேம் ஆடிக்கொண்டிருப்பவர்கள் என்பது தெரிந்தது.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் பெரிய தப்பு. பேச்சு, வீடியோ, எழுத்து மூன்றும் ஒரே சாப்ட்வேரில் வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அப்படி ஒன்றைத் தேடி மூன்று மாதம் வீணாகப் போனது.

முதலில் ஜிட்சி, வீடியோவில் பேசிக்கொள்கிற சாப்ட்வேர். இலவசம், மூல நிரல் திறந்தது (உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம்), பிரவுசரிலேயே ஓடும், யாரும் எதையும் இறக்க வேண்டாம். ஸ்டோரில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு ஏற்றினேன். நானும் காவல்கிணறு ஆளும் பேசினோம், கண்ணாடி மாதிரி இருந்தது. அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தன் போனிலிருந்து உள்ளே வந்த நொடியில் மூன்று பேர் முகமும் கறுப்பு. அவர் வெளியே போனால் சரியாகிறது, வந்தால் கறுப்பு. "நான் வந்தாத்தான் உனக்கு ஓடாது போல" என்று எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகுதான் காரணம் புரிந்தது: ஜிட்சியில் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது படம் சர்வருக்குள் போகாமல் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு நேராகவே போகும், மூன்றாவது ஆள் வந்ததும்தான் சர்வர் நடுவில் நின்று வாங்கிக் கொடுக்க ஆரம்பிக்கும், அதற்கு ரூட்டரில் யுடிபி 10000 என்ற வாசல் திறந்திருக்க வேண்டும். நான் திறக்கவில்லை. இதைப் படிக்கிற யாராவது ஜிட்சி போடப் போகிறீர்கள் என்றால், மூன்று பேரை வைத்து, அதுவும் ஆபீஸ் வைஃபைக்கு வெளியே ஒரு ஆளை நிறுத்திச் சோதித்துப் பார்க்காமல் முதலாளியைக் கூப்பிடாதீர்கள். இன்னொன்று, போட்ட கையோடு பாஸ்வேர்டு கட்டுப்பாடு வைத்துவிடுங்கள், இல்லையென்றால் முகவரி தெரிந்த எவரும் உங்கள் மெஷினில் கூட்டம் நடத்தலாம்.

வாசலைத் திறந்த பிறகு பத்துப் பேர் சேர்ந்து பார்த்தோம், திக்கித் திணறியது. கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். பத்துப் பேர் படத்தையும் சர்வர் வாங்கி, ஒவ்வொருவருக்கும் மற்ற ஒன்பது பேர் படத்தை அனுப்ப வேண்டும், ஆக 90 படம். ஒரு படத்துக்குச் சுமாராக நொடிக்கு அரை மெகாபிட் என்று வைத்தால்கூட நொடிக்கு 45 மெகாபிட் வெளியே போக வேண்டும். வெளியே, அதாவது அப்லோடு. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவது டவுன்லோடு வேகம், எங்கள் இணைப்பில் அப்லோடு அதில் பாதிகூட இல்லை. ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆப் பெயர்களைப் பட்டியல் போடுகிற கட்டுரை எல்லாப் பத்திரிகையிலும் வருகிறது, நம் மாவட்டத்தில் எந்தத் திட்டத்தில் அப்லோடு எவ்வளவு, ஸ்டேட்டிக் ஐபிக்கு யார் எவ்வளவு கேட்கிறார்கள் என்று ஒரு தடவை விசாரித்துப் போடுங்கள், வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வோம்.

ஸ்டேட்டிக் ஐபி என்று சொன்னேன் அல்லவா, அதாவது நம் இணைப்புக்கென்றே மாறாத ஒரு இணைய முகவரி, அதற்கும் ஒரு பாடு பட்டோம். பல இணைப்புகளில் ஒரு தெருவுக்கே சேர்த்து ஒரே கதவு எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் வெளியே அனுப்புகிற கடிதம் போய்விடும், பதிலும் வந்துவிடும், ஆனால் வெளியிலிருந்து புதிதாக ஒருவர் உங்களைத் தேடி வந்தால் எந்த வீடு என்று தபால்காரருக்குத் தெரியாது. சொந்த சர்வர் வைக்க வேண்டுமென்றால் தனிக் கதவு எண் வேண்டும். எங்களுக்கு இணைப்பு கொடுத்தவர்களிடம் கேட்டால் முதல் வாரம் "அப்படின்னா என்ன சார்" என்றார்கள், இரண்டாம் வாரம் "அது கம்பெனிகளுக்குத்தான் சார்" என்றார்கள், நாங்களும் கம்பெனிதான் என்று மூன்றாம் வாரம் நேரில் போய் உட்கார்ந்த பிறகு கிடைத்தது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலிமெண்ட் என்ற செய்தி ஆப்பைப் பார்த்தேன், அது ஓடுகிற மேட்ரிக்ஸ் முறையை வைத்துத்தான் பிரான்ஸ் அரசாங்கம் தன் ஊழியர்களுக்கு ட்சாப் என்று ஒன்றை நடத்துகிறது, ஆகவே தரத்தில் சந்தேகம் இல்லை. ஆனால் 2023 மே மாதம் நம் மத்திய அரசு தடை செய்த 14 செயலிகளில் எலிமெண்டும் ஒன்று, அண்ணாச்சி அந்தச் செய்தியைப் படித்திருந்தார், "நாளைக்கு எவனாவது வந்து கேட்டா நீ பதில் சொல்லுவியா?" என்றார், சொல்ல மாட்டேன். பேசுவதற்கான டீம்ஸ்பீக்கை நம் கம்ப்யூட்டரிலேயே ஏற்றலாம், ஆனால் நிரல் மூடினது, இலவசமாக 32 பேர் வரைதான். எழுதுவதற்கான மேட்டர்மோஸ்ட் நன்றாகவே இருந்தது, எங்களுக்கு அது கொஞ்சம் பெரிய சட்டை.

கடைசியில் யோசனையைத் தலைகீழாக மாற்றிப் போட்டுப் பார்த்தோம். எங்களுக்கு முதலில் எது வேண்டும்? பேச்சு. நேசலுக்குள் (காற்றாலை உச்சியில் மெஷின் இருக்கிற கூண்டுக்குள்) கைநிறைய கிரீஸோடு குனிந்து நிற்கிறவன் டைப் அடிக்க மாட்டான், முகத்தைக் காட்டவும் அவசியமில்லை. நல்ல தூரம் எடுக்கிற வாக்கி டாக்கி என்றால் லைசென்ஸ் வாங்க வேண்டும், அப்போதும் ராதாபுரத்திலிருந்து கயத்தாறுக்கு எட்டாது. அப்படித்தான் மம்பிள் வந்தது. 2005-லிருந்து இருக்கிற பழைய சாப்ட்வேர், கேம் ஆடுகிறவர்கள் தங்களுக்குள் தாமதமில்லாமல் பேசிக்கொள்ளப் பயன்படுத்தியது. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் ஒரு ஆள் பேச நொடிக்கு 40 கிலோபிட் அளவு போதும், பேசாதபோது அதுவும் கிடையாது, சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் குரல் வந்து சேர்கிறது. பேச்சு மறையாக்கம் செய்யப்பட்டே, அதாவது வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி, போகிறது. ஓடுவதற்கு அந்தப் பழைய டெஸ்க்டாப்பின் ஓரமே போதும். ஆண்ட்ராய்டு போனில் மும்லா என்ற ஆப்பிலிருந்து அதில் நுழையலாம். சைட்டுக்கு ஒரு அறை, கண்ட்ரோல் ரூமுக்கு ஒரு அறை, யார் எந்த அறையில் இருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். மேலே ஏறுகிறவர்களுக்கு 'மேல ஆள்' என்றே ஒரு அறை வைத்தோம். அந்த அறையில் ஒரு பெயர் இருக்கிற வரைக்கும் கண்ட்ரோல் ரூமில் எவனும் ரிமோட்டைத் தொடக்கூடாது. பூட்டு பூட்டாக இருக்கட்டும், இது அதற்கு மேல்.

முதல் நாள் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. குரல் கேட்டால் தானாக மைக் திறக்கிற மாதிரி வைத்துவிட்டேன், ஆபீசுக்குள் அது நன்றாகத்தான் இருந்தது. சைட்டில் மைக்குக்குக் குரல் எது, காற்று எது என்று தெரியவில்லை. காலை முதல் மாலை வரை பணகுடிக் காற்று வள்ளியூர் ஆபீசில் 'ஓ'வென்று ஊதிக்கொண்டே இருந்தது, நடுவில் யாரோ யாரையோ "ஏலேய், அந்த ஸ்பானர எங்கல வச்ச" என்று கேட்பது மட்டும் தெளிவாக விழுந்தது. மறுநாளே பட்டனை அழுத்தினால்தான் பேச முடியும் என்று மாற்றினேன். பல்லால் கையுறையை இழுத்துவிட்டு அழுத்துகிறார்கள், பழகிவிட்டது. இன்னொரு சிக்கல், மம்பிளில் நம் பெயரைப் பதிந்தால் அந்தப் போனிலேயே ஒரு சான்றிதழ் உட்கார்ந்துவிடும், பாஸ்வேர்டு கிடையாது. போனை மாற்றினால் "உன் பெயரை வேறொருத்தன் வைத்திருக்கிறான், உள்ளே வராதே" என்று சர்வர் விரட்டும். அந்த வேறொருத்தன் அவனேதான், பழைய போனில். தீபாவளி போனஸ் வந்த வாரம் முழுக்க எனக்கு இதே வேலை.

சொந்த சர்வர் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 2023 டிசம்பர் 17, 18 மழையை நம் ஊர்க்காரர்கள் யாரும் மறக்க மாட்டோம், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்போது. எங்கள் ஆட்கள் இருவர் ஸ்ரீவைகுண்டம் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் பக்கம் டவர் செத்துவிட்டது. என் அலமாரியில் சர்வர் பச்சை விளக்கோடு ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது, அவர்களை எட்ட முடியவில்லை. ஆபீசிலிருந்து பின்னால் இருக்கிற ஸ்டோருக்கு, உள்வயரிங் வழியாக, நன்றாகப் பேச முடிந்தது. அதற்குச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாலே போதுமே. மூன்று மணி நேரத்தில் யுபிஎஸ்ஸும் படுத்தது. மூன்றாம் நாள் அந்த இருவரும் யாரோ ஒருவர் போனிலிருந்து சாதாரண அழைப்பில்தான் "உசுரோட இருக்கோம் அண்ணாச்சி" என்றார்கள்.

எழுத்துக்கு 2024-இல் ஜூலிப் என்ற சாப்ட்வேர் போட்டோம். அதில் எந்தச் செய்தி எழுதினாலும் அது எதைப் பற்றி என்று தலைப்புப் போட வேண்டும், மற்றவர்களுக்கு இது தொல்லையாகத் தெரியலாம், எங்களுக்குத் தேன் மாதிரி. மெஷின் நம்பர்தான் தலைப்பு. பதினாலைத் திறந்தால் பதினாலுக்கு இதுவரை நடந்த வைத்தியம் மொத்தமும் வரிசையாக இருக்கிறது, போட்டோவோடு. ஆனால் இங்கேதான் யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. சர்வர் உங்கள் அலமாரியில் இருந்தாலும், போன் பையில் கிடக்கும்போது 'டிங்' என்று அடிக்கிற அந்த மணி உங்களுடையது அல்ல. ஆண்ட்ராய்டு என்றால் கூகுள் வழியாக, ஐபோன் என்றால் ஆப்பிள் வழியாகத்தான் அது வர வேண்டும், அதை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை ஜூலிப்காரர்களின் சர்வர் செய்கிறது. நாங்கள் போட்டபோது, அலுவலகங்களுக்கு இது 10 பேர் வரைதான் இலவசம். எங்களுக்கோ 40 பேர். முதலில் கோபம் வந்தது, அப்புறம் யோசித்தால், எழுதுகிறவர்கள் யார்? கண்ட்ரோல் ரூம், சைட் இன்சார்ஜ்கள், ஸ்டோர், அண்ணாச்சி என்று ஒன்பது பேர். அவர்களுக்கு மட்டும் ஜூலிப், எல்லாருக்கும் மம்பிள். ஜிட்சியை எடுத்து எறியவில்லை, உடைந்த பாகத்தைக் கோயம்புத்தூர் சப்ளையருக்குக் காட்ட மாதம் ஒரு தடவை திறக்கிறோம், இரண்டு பேர், அதிகம் போனால் மூன்று பேர், நன்றாக ஓடுகிறது. அதற்கு முன்னால் அவருடன் ஸ்கைப்பில் பேசிக்கொண்டிருந்தோம், 2025 மே 5-ஆம் தேதி அதை இழுத்து மூடிவிட்டார்கள். பிறந்தநாள் வாழ்த்துக்கு வாட்ஸ்அப் குரூப் அப்படியே இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை.

எங்களைப் பார்த்து நாங்குநேரிப் பக்கம் ஒரு அரிசி ஆலைக்காரரும் கேட்டார், என்ன சாப்ட்வேர் போடலாம் என்று. சாப்ட்வேர் கிடக்கட்டும், உங்கள் ஆபீசில் அதைப் பார்த்துக்கொள்ளப் போகிற ஆள் யார் என்று கேட்டேன். அப்படி யாரும் இல்லை என்றார். அப்படியானால் காசு கொடுத்து யாராவது நடத்துகிற சேவையையே வாங்கிக்கொள்ளுங்கள், மத்தளம்பாறைக்காரர்களிடமே வாங்குங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை என்றேன். இதை நான் பட்டறிந்துதான் சொன்னேன். போன சஷ்டிக்குத் திருச்செந்தூரில் இருந்தேன். சூரசம்ஹாரக் கூட்டத்தில் நிற்கும்போது ஆபீசிலிருந்து போன்: ஜூலிப் திறக்கவில்லை, 'பாதுகாப்பற்ற தளம்' என்று எல்லார் போனும் கத்துகிறது. அதற்குச் சில வாரம் முன்னால் ரூட்டர் கெட்டு, இணைப்புக்காரர் புது ரூட்டர் மாட்டிவிட்டுப் போனார். நான் மற்ற வாசல்களை எல்லாம் திறந்துவிட்டு 80-ஐ மட்டும் மறந்துவிட்டேன். இலவசமாகக் கிடைக்கிற பாதுகாப்புச் சான்றிதழ் 90 நாளைக்குத்தான், அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள அந்த 80-ஆம் வாசல் வழியாகத்தான் வந்து பார்க்கும், பார்த்திருக்கிறது, கதவு சாத்தியிருக்கிறது, போய்விட்டது. மம்பிளுக்குத் தனிச் சான்றிதழ் என்பதால் பேச்சு மட்டும் நிற்கவில்லை.

ஸ்டோரில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சிதான் அன்றைக்கு சர்வர் முன்னால் உட்கார்ந்தது. மேளமும் அரோகராவும் நடுவில் நான் கத்த, அவள் "அண்ணே, எட்டு சைபரா, எட்டு எட்டா?" என்று திருப்பித் திருப்பிக் கேட்க, சூரன் விழுந்து கால்மணி நேரத்தில் ஜூலிப் எழுந்தது. வந்த பிறகு பார்த்தால் அலமாரிக் கதவின் உள்பக்கம் 80, 443, 10000, 64738 என்று நாலு வாசல் நம்பரையும் சாக்பீசால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறாள், கடைசி நம்பர் மம்பிளுடையது. தமிழ்நாட்டில் லாட்டரியை ஒழித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இருந்தாலும் அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, எவனோ கேரளா லாட்டரி நம்பர் எழுதி வைத்திருக்கிறான் என்று ஈரத்துணியோடு துடைக்கப் போனாராம். அவள் குறுக்கே நின்று தடுத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
காற்றாலைப் பராமரிப்பு அலுவலக ஊழியர் ஒருவர்,
வள்ளியூர்